பல ஊர்களுக்கு ஓர் அஞ்சல் நிலையம்
மின்னஞ்சல் நிர்வாகம் பங்கிடப்பட்ட வரலாறு

மின்னஞ்சல் முகவரி எதையேனும் எடுத்துப் பாருங்கள். நடுவில் @ என்ற குறி இருக்கும். அதற்கு இடப்புறம் இருப்பது ஆளின் பெயர் அல்லது பதவியின் பெயர். வலப்புறம் இருப்பது அவர் சார்ந்த இடத்தின் பெயர். இந்த வலப்புறப் பெயரையே டொமைன் என்கிறோம். பள்ளி, மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம், அச்சகம் என எந்த அமைப்பும் தனக்கென ஒரு டொமைனைப் பதிவு செய்து கொள்ளலாம்.

ஆனால் ஒவ்வொரு டொமைனுக்கும் தனித்தனிக் கணிப்பொறி இருப்பதில்லை. ஒரே அஞ்சல் சர்வர் பல நூறு டொமைன்களுக்கு வரும் கடிதங்களை வாங்கி, உரியவர்களின் பெட்டிகளில் இட்டு வைக்கிறது. அதாவது, பல ஊர்களுக்கு ஒரே அஞ்சல் நிலையம்.

இங்கு ஒரு கேள்வி பிறக்கிறது. பள்ளியில் புதிதாக ஓர் ஆசிரியர் சேருகிறார். அவருக்கு ஓர் அஞ்சல் பெட்டி வேண்டும். அதைத் திறப்பது யார்? சர்வரைக் காப்பவர் எங்கோ இருக்கிறார். அவருக்கு இந்த ஆசிரியரைத் தெரியாது. பள்ளி எழுத்தருக்கு ஆசிரியரைத் தெரியும். ஆனால் அவரிடம் சர்வரின் சாவியைக் கொடுத்தால், அதே சர்வரில் இருக்கும் மருத்துவமனையின் கடிதங்களையும் அவரால் திறந்துவிட முடியும். ஆளைத் தெரிந்தவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவருக்கு ஆளைத் தெரியாது. இந்தச் சிக்கலை அவிழ்க்க முப்பது ஆண்டுகள் பிடித்தன. மின்னஞ்சல் உலகெங்கும் பரவியதற்குக் கணிப்பொறிகளின் வேகம் மட்டும் காரணமல்ல. அதிகாரத்தை எல்லை வகுத்துப் பங்கிடக் கற்றுக்கொண்டதும் அதே அளவுக்குக் காரணமாகும்.

ஒரே பட்டியல்

ஒரே கணிப்பொறியைப் பயன்படுத்தும் பலர் தமக்குள் செய்தி விட்டுச் செல்லும் வசதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1965-லேயே இருந்தது. ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு, வலையமைப்பின் வழியே அஞ்சல் அனுப்பியவர் ரே டாம்லின்சன். ஆண்டு 1971. அவர் பணியாற்றியது பி.பி.என். என்ற நிறுவனத்தில். ஆளையும் கணிப்பொறியையும் பிரித்துக் காட்ட @ குறியைத் தேர்ந்தவரும் அவரே.

அக்காலத்தில் @ குறிக்கு வலப்புறம் இருந்தது ஒரு கணிப்பொறியின் பெயர்தான். ஆர்பாநெட் எனப்பட்ட அந்த வலையமைப்பில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்று காட்டும் பட்டியல் ஒன்று இருந்தது. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க் நகரில், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் தகவல் மையம் அதைப் பராமரித்தது. 1972 முதல் 1989 வரை அம்மையத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணி. புதுக் கணிப்பொறி ஒன்று வலையில் சேர்ந்தால் அம்மையத்திற்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பார்கள். பிறகு எல்லாக் கணிப்பொறிகளும் புதிய பட்டியலைப் படியெடுத்துக் கொள்ளும்.

சிறிய வலைக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கணிப்பொறிகள் பெருகினால் பட்டியலின் நீளமும் பெருகும். அதைப் படியெடுப்பவர்களின் எண்ணிக்கையும் பெருகும். ஆகவே பட்டியலை ஒருமுறை வினியோகிக்கும் சுமை, கணிப்பொறிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்திற்கு ஏற்ப உயரும். 1981 ஆகஸ்டில் வலையில் இருந்தவை 213 கணிப்பொறிகள். 1983 ஆகஸ்டில் அவை 562 ஆயின. எண்ணிக்கை இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். சுமையோ ஏறத்தாழ 7 மடங்கு. 1989 அக்டோபரில் எண்ணிக்கை 1,59,000-ஐ எட்டியது. பழைய ஏற்பாடு நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

சுமையை விடவும் பெரிய குறை ஒன்று இருந்தது. தன் அறையில் உள்ள ஓர் இயந்திரத்தின் பெயரை மாற்றுவதற்கும் ஒருவர் தொலைவில் உள்ள மையத்தை நாட வேண்டியிருந்தது. இரண்டு நிறுவனங்கள் ஒரே பெயரை விரும்பினால் முந்தியவருக்கே அது கிடைத்தது.

பட்டியலே இல்லாத வலை

இதற்கு நேர்மாறான ஏற்பாடும் அதே காலத்தில் இருந்தது. பெல் ஆய்வுக்கூடங்களில் 1970-களின் நடுவில் யு.யு.சி.பி. என்ற முறை உருவாயிற்று. யூனிக்ஸ் கணிப்பொறிகள் தொலைபேசிக் கம்பி வழியே ஒன்றையொன்று அழைத்து, கோப்புகளையும் அஞ்சலையும் கைமாற்றிக் கொண்டன. இதில் மைய அதிகாரம் எதுவும் இல்லை. ஆகவே முகவரியிலேயே வழியையும் எழுத வேண்டும். 'ஆலமரம்!பாலம்!கோவில்!குமார்' என்று எழுதினால், கடிதம் முதலில் ஆலமரம் என்ற கணிப்பொறிக்கும், அங்கிருந்து பாலத்திற்கும், பிறகு கோவிலுக்கும் சென்று குமாரை அடையும். இடையில் ஒரு கணிப்பொறி நின்றுவிட்டால் முகவரியே பயனற்றுப் போகும். ஒரே ஆளுக்கு, அனுப்புகிறவர் இருக்கும் இடத்தைப் பொறுத்து, வெவ்வேறு முகவரி.

ஒன்றில் எல்லாப் பொறுப்பும் ஒரே மையத்தின் தலையில். மற்றொன்றில் எல்லாப் பொறுப்பும் கடிதம் எழுதுகிறவரின் தலையில். இரண்டும் வளர்ச்சியைத் தாங்கவில்லை.

கிளை பிரித்தல்

தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த பால் மாக்கபெட்ரிஸ் 1983 நவம்பரில் இரண்டு ஆவணங்களை வெளியிட்டார். டி.என்.எஸ். எனப்படும் டொமைன் பெயர் முறை அவற்றில் பிறந்தது. அதன் கருத்தை நம் நாட்டு வருவாய்த் துறையைக் கொண்டு எளிதில் விளக்கலாம்.

மாவட்ட ஆட்சியர் தம் மாவட்டத்தின் ஒவ்வொரு வயலின் விவரத்தையும் தம் மேசையில் வைத்திருப்பதில்லை. எந்த வட்டத்திற்கு யார் வட்டாட்சியர் என்பது அவருக்குத் தெரியும். எந்தக் கிராமத்திற்கு யார் கிராம நிர்வாக அலுவலர் என்பது வட்டாட்சியருக்குத் தெரியும். எந்த வயலில் என்ன பயிர் என்ற அடங்கல் கிராம அலுவலரிடம் இருக்கும். மேலே இருப்பவர் தமக்கு அடுத்த படியில் உள்ளவரைச் சுட்டிக்காட்டினால் போதும்.

டொமைன் பெயர் முறையும் இப்படித்தான் இயங்குகிறது. பெயரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். உச்சியில் உள்ள மூல சர்வர்களுக்கு, கடைசிச் சொல்லுக்கு உரிய சர்வர் எது என்பது மட்டும் தெரியும். அந்தச் சர்வருக்கு அதற்கு முந்தைய சொல்லின் சர்வர் தெரியும். தம் கிளைக்குள் எத்தனை பெயர்களை வேண்டுமானாலும் அந்தந்தக் கிளைக்காரர் சேர்க்கலாம், நீக்கலாம். மேலே யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒருமுறை கேட்டறிந்த விடையைக் குறித்த காலம் வரை நினைவில் வைத்திருக்கலாம் என்பதால் மேல்படிச் சர்வர்களின் சுமையும் குறைந்தது.

அதிகாரம் கைமாறும்போது பொறுப்பும் கூடவே கைமாற வேண்டும் என்பதை இதை அமைத்தவர்கள் மறக்கவில்லை. 1984 அக்டோபரில் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதிய ஆவணம், ஒவ்வொரு டொமைனுக்கும் பொறுப்பேற்கும் ஒரு நபர் இருந்தே தீர வேண்டும் என்று விதித்தது. ஒவ்வொரு கிளையின் பதிவேட்டிலும் தலைப்பாக நிற்கும் குறிப்பில், அதற்குப் பொறுப்பானவரின் அஞ்சல் முகவரியை எழுத ஓர் இடம் உண்டு. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

பெயர் வேறு, இயந்திரம் வேறு

பெயர்கள் கிளை பிரிந்தன. ஆனால் அஞ்சலுக்கு இன்னும் ஒரு படி தேவைப்பட்டது. ஒரு டொமைனுக்குச் சொந்தக் கணிப்பொறியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வரும் கடிதம் எங்கே போவது?

1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் இதற்கு விடை எழுதினார். எம்.எக்ஸ். பதிவு என்பது அதன் பெயர். 'இந்த டொமைனுக்கு வரும் அஞ்சலை இன்ன சர்வரிடம் ஒப்படைக்கவும்' என்று டொமைன்காரர் தம் பதிவேட்டில் எழுதி வைக்கிறார். ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்களையும் குறிக்கலாம். ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எண் இருக்கும். சிறிய எண் உள்ள சர்வரை முதலில் நாட வேண்டும், அது பதில் தராவிட்டால் அடுத்ததை நாட வேண்டும்.

பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இந்த ஒரு வரி பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. முகவரியில் உள்ள பெயருக்கும் கடிதம் போய்ச் சேரும் இயந்திரத்திற்கும் இருந்த கட்டு அறுந்தது. தொலைபேசிக் கம்பியை மட்டும் நம்பியிருந்த சிறு நிறுவனங்களும் ஒழுங்கான முகவரி பெற்றன. ஒரே சர்வர் பல டொமைன்களுக்கு அஞ்சல் நிலையமாக இருக்கவும், அஞ்சல் பணி பிடிக்காவிட்டால் முகவரியை மாற்றாமலே வேறு சர்வருக்கு மாறிக்கொள்ளவும் வழி பிறந்தது.

இன்னொரு விதியும் இங்கு நினைவுகூரத் தக்கது. @ குறிக்கு இடப்புறம் இருப்பதற்கு என்ன பொருள் என்று முடிவு செய்யும் உரிமை, கடிதத்தைப் பெறும் டொமைனுக்கு மட்டுமே உண்டு. வழியில் உள்ள எந்தச் சர்வரும் அதை ஆராயக் கூடாது. வீட்டு எண்ணை அந்த ஊர்த் தபால்காரரே அறிந்தால் போதும் அல்லவா?

இந்தியாவில்

இக்கிளை பிரிப்பு நம் நாட்டிலும் படிப்படியாக நிகழ்ந்தது. மின்னணுத் துறை 1986-இல் எர்நெட் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்பைத் தொடங்கியது. பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.க்கள் ஆகியவை அதில் முதலில் இணைந்தன. 1989-இல் இந்தியாவுக்கு உரிய 'இன்' என்ற உச்சிப் பெயர் பதிவாயிற்று. அதைப் பராமரிக்கும் பொறுப்பு பம்பாய் மையத்தினிடம் இருந்தது. 2005 முதல் நிக்ஸி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு அப்பொறுப்பை வகிக்கிறது.

சென்னை ஐ.ஐ.டி.யின் பழைய முகவரிகள் 'ஐ.ஐ.டி.எம்., எர்நெட், இன்' என்ற மூன்று சொற்களைக் கொண்டிருந்தன. வலமிருந்து படித்தால் அதிகாரம் இறங்கிவந்த படிகள் தெரியும்: நாடு, வலையமைப்பு, கல்வி நிலையம். சென்னையில் ஒரு மாணவருக்கு முகவரி தர பம்பாயைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

1994 மார்ச்சில் போஸ்டல் இம்முறை முழுவதற்கும் ஒரு விளக்கம் எழுதினார். ஒரு டொமைனை ஒப்படைக்கப்பட்டவர் அதன் அறங்காவலர் போன்றவர். தமக்குள்ள உரிமையைப் பற்றிப் பேசுவதை விட, அவர் தம் சமூகத்திற்குச் செய்ய வேண்டிய பணியைப் பற்றியே கவலைப்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

ஒரே வீட்டில் பல குடிகள்

உலக அளவில் அதிகாரம் பங்கிடப்பட்டுவிட்டது. ஆனால் சர்வர் என்ற தனி இயந்திரத்துக்குள் நிலைமை வேறாக இருந்தது. எரிக் ஆல்மன் பெர்க்லியில் உருவாக்கிய சென்ட்மெயில் என்ற நிரல் 1980-களில் பெரும்பாலான யூனிக்ஸ் சர்வர்களில் அஞ்சல் பணியைச் செய்தது. அஞ்சல் பெட்டி வேண்டுமானால் அந்த இயந்திரத்திலேயே ஒரு பயனர் கணக்கு வேண்டும். செயலாளருக்கு வரும் கடிதம் இன்னாருக்குப் போக வேண்டும் என்பன போன்ற மாற்றுப் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. அக்கோப்பில் கை வைக்க ரூட் எனப்படும் முழு அதிகாரம் தேவை.

ஒரே டொமைன் இருந்தவரை இது உறுத்தவில்லை. பள்ளியும் மருத்துவமனையும் ஒரே சர்வரில் குடியேறியதும் இரண்டு தொல்லைகள் எழுந்தன. முதலாவது, இரு இடத்திலும் செயலாளர் இருப்பார். ஒரு இயந்திரத்தில் அப்பெயரில் ஒரு கணக்குத்தான் இருக்க முடியும். இரண்டாவது, ஒரு சிறு பெயர் மாற்றத்திற்கும் ரூட் அதிகாரம் உள்ளவரையே அண்டி நிற்க வேண்டும். பழைய மென்லோ பார்க் பட்டியலின் குறை, உருவில் சிறுத்து, ஒவ்வொரு சர்வருக்குள்ளும் மீண்டும் வந்து உட்கார்ந்துவிட்டது எனலாம்.

எல்லா அதிகாரத்தையும் ஓரிடத்தில் குவிப்பதன் ஆபத்து 1988 நவம்பர் 2-ஆம் நாள் வெளிப்பட்டது. ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் ஏவிய 'புழு' நிரல் வலையெங்கும் பரவியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, சென்ட்மெயிலில் சோதனைக்காக விடப்பட்டு மூடப்படாமல் கிடந்த ஒரு கட்டளை. சுமார் 6,000 கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள்.

ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் 1975-லேயே ஒரு நெறியைக் கூறியிருந்தார்கள். எந்த நிரலுக்கும் எந்தப் பயனருக்கும் தம் வேலையை முடிக்கத் தேவையான மிகக் குறைந்த அதிகாரமே இருக்க வேண்டும் என்பதே அது. 1990-களில் வந்த அஞ்சல் நிரல்கள் இந்நெறியை ஏற்றன. டேனியல் பெர்ன்ஸ்டைனின் க்யூமெயில் 1997-இல் தன் முதல் நிறைவுப் பதிப்பைக் கண்டது. விட்ஸே வெனிமா ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ் 1998-இல் வெளியாயிற்று. இரண்டும் ஒரே பெரிய நிரலாக இல்லாமல் பல சிறு நிரல்களாக அமைந்தன. கடிதத்தை வாங்குவது ஒன்று, வரிசையில் வைப்பது ஒன்று, பெட்டியில் இடுவது ஒன்று.

க்யூமெயிலில் ஒரு டொமைன் முழுவதையும் ஒரு சாதாரணப் பயனரிடம் ஒப்படைத்துவிடலாம். சர்வர் நிர்வாகி ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அதன்பின் அந்த டொமைனில் யார் யார், எந்தக் கடிதம் எங்கே என்பதையெல்லாம் அப்பயனர் தம் சொந்த அடைவில் கோப்புகள் எழுதியே தீர்மானிப்பார். ரூட் அதிகாரம் அவருக்குத் தேவையில்லை. அடுத்தவர் டொமைனைத் தொட அவரால் முடியாது.

பதிவேட்டில் மூன்று பத்திகள்

போஸ்ட்ஃபிக்ஸ் போன்றவை மற்றொரு வழியையும் திறந்தன. அஞ்சல் பெட்டிகளின் பட்டியலைத் தரவுத்தளத்தில் வைக்கலாம். கடிதம் வரும்போது சர்வர் அதைப் பார்த்துக்கொள்ளும். பெட்டி வைத்திருப்பவருக்கு இயந்திரத்தில் பயனர் கணக்கே வேண்டாம். பெட்டியின் பெயர் டொமைனோடு சேர்த்தே பதிவாவதால், பள்ளிச் செயலாளரும் மருத்துவமனைச் செயலாளரும் மோதிக்கொள்வதில்லை.

இத்தகைய தரவுத்தளத்தில் மூன்று அட்டவணைகள் இருந்தால் அதிகாரப் பங்கீடு அமைந்துவிடும். முதல் அட்டவணை டொமைன்களைக் காட்டும்; ஒவ்வொன்றுக்கும் எத்தனை பெட்டிகள், எவ்வளவு இடம் என்ற உச்சவரம்பும் அதிலேயே இருக்கும். இரண்டாவது அட்டவணை பெட்டிகளைக் காட்டும். மூன்றாவதுதான் முக்கியமானது: எந்த நிர்வாகிக்கு எந்த டொமைன் என்று அது சொல்லும். போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின் என்ற இலவச மென்பொருள் இப்படித்தான் இயங்குகிறது. பள்ளி எழுத்தர் உலாவியில் தம் கடவுச்சொல்லைக் கொடுத்து நுழைந்தால், பள்ளியின் டொமைன் மட்டும் அவர் கண்ணில் படும். மருத்துவமனை அதே சர்வரில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

இதனால் பொறுப்புகள் மூன்று படிகளாயின. சர்வர் நிர்வாகி இயந்திரத்தையும், சேமிப்பு இடத்தையும், குப்பை அஞ்சல் வடிகட்டியையும், காப்புப் பிரதிகளையும் கவனிக்கிறார். டொமைன் நிர்வாகி, வரம்புக்குள், பெட்டிகளைத் திறக்கிறார், மூடுகிறார், மாற்றுப் பெயர்களை அமைக்கிறார். பயனர் தம் கடவுச்சொல்லையும், விடுமுறைக்கால மறுமொழியையும் தாமே பார்த்துக் கொள்கிறார். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. ஆளைத் தெரிந்தவரிடம் அதிகாரம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்த ஆட்களின் எல்லை வரையில் மட்டும்.

பங்கிட முடியாதவை

அதிகாரத்தைப் பங்கிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு. பங்கீடு தனக்கே உரிய தொல்லைகளையும் கொண்டுவருகிறது.

டொமைன் நிர்வாகியால் எந்தப் பெட்டியின் கடவுச்சொல்லையும் மாற்ற முடியும். ஆகவே அவர் நினைத்தால் சக ஊழியரின் கடிதங்களைப் படித்துவிடலாம். எழுத்தரின் மேசையில் இருக்கும் இந்தச் சிறு சாவி, தபால் பையின் முத்திரையை உடைக்கும் வல்லமை கொண்டது. யார், எந்த நேரத்தில், எந்தக் கடவுச்சொல்லை மாற்றினார் என்ற குறிப்பேட்டைச் சர்வர் தானே எழுதி வைப்பதும், அந்தக் குறிப்பேட்டை டொமைன் நிர்வாகி அழிக்க முடியாமல் செய்வதும் இதனால்தான் தேவையாகின்றன. பணியை விட்டுப் போனவரின் அதிகாரத்தை அன்றே நீக்குவதும் அதே அளவு தேவை.

மேல்படிப் பதிவேடு ஒரு சர்வரைச் சுட்டிக்காட்ட, அந்தச் சர்வரோ அந்த டொமைனை மறந்து போயிருக்கலாம். இதை 'நொண்டி ஒப்படைப்பு' என்று கேலியாகச் சொல்வார்கள். சர்வரை மாற்றியவர்கள் பழைய பதிவைத் திருத்த மறப்பதால் இது நேர்கிறது.

மூன்றாவது தொல்லை, பெயரைத் திருடுதல். ஒரு டொமைனின் பெயரில் எவரும் கடிதம் எழுதி அனுப்ப முடியும் என்ற நிலையே நெடுங்காலம் இருந்தது. எம்.எக்ஸ். பதிவு, கடிதத்தை வாங்க உரிமை உள்ளவரைக் காட்டியது. அனுப்ப உரிமை உள்ளவரைக் காட்ட எதுவும் இல்லை. 2006-இல் வெளியான எஸ்.பி.எஃப். முறை அந்தப் பட்டியலை டொமைன் பதிவேட்டில் சேர்த்தது. 2007-இல் வந்த டி.கே.ஐ.எம். முறை ஒவ்வொரு கடிதத்திலும் டொமைனின் மறைக்குறிக் கையொப்பத்தை இட வகை செய்தது. டொமைன்காரர், தம் சார்பில் அஞ்சல் அனுப்பும் வேறு நிறுவனத்திற்குத் தனியாக ஒரு கையொப்பச் சாவியைக் கொடுக்கலாம். வேண்டாதபோது அதை மட்டும் செல்லாததாக்கலாம்.

2006 முதல் கூகுள் போன்ற பெரிய நிறுவனங்களே பிறரது டொமைன்களுக்கு அஞ்சல் நிலையமாக இருக்க முன்வந்தன. சர்வர் கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்குப் போய்விட்டது. ஆனால் அங்கும் ஒவ்வொரு டொமைனுக்கும் உள்ளூர் நிர்வாகி ஒருவர் உண்டு. யாருக்குப் பெட்டி தருவது என்பதை அவரே தீர்மானிக்கிறார்.

1982 ஆகஸ்டில் வெளியான அஞ்சல் வடிவ விதிகளில் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. அஞ்சல் பெறும் எந்த இடத்திலும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரி இருக்க வேண்டும். அதற்கு வரும் கடிதம் பொறுப்பான ஒரு மனிதரைச் சென்றடைய வேண்டும். இத்தனை ஆண்டுகளில் நிரல்களும் இயந்திரங்களும் மாறிவிட்டன, இவ்விதி மாறவில்லை. அதிகாரத்தை எத்தனை கைகளுக்குப் பங்கிட்டாலும், ஏதேனும் தவறும்போது 'நான் கவனிக்கிறேன்' என்று பதில் எழுத ஒவ்வொரு டொமைனிலும் ஒருவர் இருக்கத்தான் வேண்டும்.